குடியிருப்போரை அகற்றிவிட்டு யாருடைய வரலாற்றைக் காட்சிக்கு வைப்பது?

எம்.கே.பி. நகரிலிருந்து பாரிமுனைக்குத் தூரம் அதிகமில்லை. வியாசர்பாடி, மூலக்கொத்தளம், வால்டாக்ஸ் சாலை எனப் பேருந்து தெற்கே இறங்கினால், போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்துக்குள் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்கள் பகுதியைச் சேர்ந்த பெண்கள் பூக்கடைக்கும், ஆண்கள் மண்ணடி, சவுகார்பேட்டை கிடங்குகளுக்கும், சுமை தூக்குவோர் துறைமுகத்துக்கும், என்னைப் போன்ற சிலர் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்துக்கும் இந்த வழியில்தான் நாள்தோறும் சென்று திரும்புகிறோம். வடசென்னையின் உழைப்பும் ஜார்ஜ் டவுனின் வணிகமும் இந்த அரை மணி நேரப் பாதையால் பின்னப்பட்டவை.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளைக் கருத்தில்கொண்டு தயாரிக்கப்படுகிறது. பழைய நகர மையத்தை என்ன செய்வது என்பது இந்த நேரத்தில் தவிர்க்க முடியாத கேள்வி. புனித ஜார்ஜ் கோட்டை, உயர்நீதிமன்றம், பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம், தலைமை அஞ்சலகம், ஆர்மீனியத் தேவாலயம், 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் ஆகியவற்றை ஒரே நடைபாதையில் இணைத்து, பழைய மாளிகைகளை அருங்காட்சியகங்களாக மாற்றி, நலிந்துகிடக்கும் மையத்துக்குப் புத்துயிர் ஊட்டலாம் என்ற எண்ணம் நகரமைப்பு வல்லுநர்களிடமும் பாரம்பரிய ஆர்வலர்களிடமும் நெடுங்காலமாக உண்டு. 'அருங்காட்சியக வட்டாரம்' என்று பெயர் சூட்டப்படாவிட்டாலும் அதன் கூறுகள் ஒவ்வொன்றாக நடந்தேறிவருகின்றன. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் விக்டோரியா பொதுக்கூடம் சீரமைக்கப்பட்டது. பிராட்வே பேருந்து நிலையமும் குறளகமும் இருந்த இடத்தில் பன்முகப் போக்குவரத்து வளாகம் வரவிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டபோது 4,181 கோடி ரூபாயாக விரிந்திருந்தது.

இக்கட்டுரை அருங்காட்சியகங்களுக்கு எதிரானதன்று. வடசென்னைக்கு வரவிருக்கும் பணத்துக்கும் எதிரானதன்று. நகரின் குப்பையையும் சாம்பலையும் மட்டுமே பெற்றுப் பழகிய பகுதிக்கு நூலகமும் காட்சிக்கூடமும் வருவதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு நகர மையத்தைப் 'பாரம்பரியம்' என்று அறிவிக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். அங்கே காட்டப்படப்போவது யாருடைய வரலாறு? அதைக் காட்டுவதற்காக அகற்றப்படப்போவது யாருடைய வாழ்க்கை?

கறுப்பர் நகரத்தின் வடக்கே

ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1906-இல் வந்தது. இளவரசராக இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜின் நினைவாகச் சூட்டப்பட்டது அது. அதற்கு முன் அதன் பெயர் கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று நிறத்தால் பிரித்த கதையைப் பாரம்பரிய நடைப்பயணங்களில் வழிகாட்டிகள் தவறாமல் சொல்கிறார்கள். கறுப்பர் நகரத்துக்குள்ளும் ஒரு பிரிவினை இருந்தது என்பதை மிகச் சிலரே சொல்கிறார்கள். வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குத் தனித்தனித் தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அத்தெருக்களில் எதிலும் இடமளிக்கப்படாத மக்களின் குடியிருப்பு 'பறச்சேரி' என்று கம்பெனி ஆவணங்களிலும் பழைய வரைபடங்களிலும் பதிவாகியிருக்கிறது. கோட்டையைக் கட்டிய கொத்தனார்களுக்குச் சித்தாளாக, பல்லக்குத் தூக்குவோராக, சமையல்காரராக, சிப்பாயாக, சரக்குச் சுமப்போராக அந்நகரைத் தாங்கியவர்கள் அவர்கள்.

முதலாவது கறுப்பர் நகரம் கோட்டையை ஒட்டி, இன்று உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களும், பின்னர் ஆங்கிலேயர்களும், கோட்டைப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அதை இடித்துத் தரைமட்டமாக்கினர். பீரங்கிக் குண்டு பாய வெட்டவெளி தேவைப்பட்டது. மக்கள் வடக்கே நகர்த்தப்பட்டனர். அந்த வெட்டவெளியின் மீது எழுந்ததுதான் 1892-இல் கட்டிமுடிக்கப்பட்ட உயர்நீதிமன்றம். ஆகச் சென்னையின் மிக அழகிய பாரம்பரியக் கட்டடம் நிற்பதே ஒரு பெரும் வெளியேற்றம் நடந்த இடத்தில்தான். அரசு ஏதோ ஒரு பொதுநோக்கத்தைச் சொல்வதும் கறுப்பு மக்கள் வடக்கே நகர்வதும் இந்நகரில் அன்றே தொடங்கிவிட்டன.

அளக்கப்பட்ட மூக்குகள்

அருங்காட்சியகம் என்ற நிறுவனத்துக்கும் நமக்கும் உள்ள உறவையும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தோற்றுவிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. அதன் பெருமை அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்தின் கிருஷ்ணைக் கரையில் இருந்த பௌத்தத் தூபியின் பளிங்குக் கற்கள் அங்கே ஓர் அறையில் உள்ளன. அதே காலத்தில் பூர்வ பௌத்தத்தைத் தம் மக்களின் மூல அடையாளமாக மீட்டெடுக்க முனைந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்த ராயப்பேட்டை, எழும்பூரிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில் உள்ளது. பௌத்தக் கற்களை 'கலை' என்று காட்சிப்படுத்திய நகரம், பௌத்தத்தை வாழ்வாக்க முயன்ற மனிதரைப் பல பத்தாண்டுகள் மறந்திருந்தது. கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது 2023 டிசம்பரில்தான்.

அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலின் ஆசிரியர். அவர் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, அந்த அளவுகளைச் சாதிவாரியாக அட்டவணைப்படுத்தினார். மூக்கின் அகலத்தைக்கொண்டு மனிதர்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்த முயன்ற அந்த 'அறிவியலை' உலகம் பின்னர் கைவிட்டுவிட்டது. ஆனால் ஒரு செய்தி எஞ்சி நிற்கிறது. சென்னையின் முதல் அருங்காட்சியகத்துக்குள் நம் முன்னோர் நுழைந்தது வரலாற்றை எழுதியவர்களாக அல்லர். அளக்கப்படும் பொருளாகவே நுழைந்தனர்.

இதனால்தான் 'உங்கள் வரலாற்றையும் ஓர் அறையில் வைக்கிறோம்' என்ற வாக்குறுதி மட்டும் நமக்குப் போதுமானதாக இல்லை. எதை வைப்பது, எந்தப் பெயரில் வைப்பது, யார் விளக்குவது என்று முடிவெடுக்கும் மேசையில் இடம் வேண்டும்.

ஆலை போனது, நினைவும் போனது

வடசென்னையில் அருங்காட்சியகமாக்கத் தகுந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், கோட்டையைச் சொல்லமாட்டேன். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலையைச் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய அந்த ஆலைகளைச் சுற்றித்தான் புளியந்தோப்பும் பெரம்பூரும் வியாசர்பாடியும் தொழிலாளர் ஊர்களாக வளர்ந்தன. 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிற்சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகப் போற்றப்படுகிறது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் பெயர்கள் அவ்வரலாற்றில் உரிய இடம் பெற்றுவிட்டன.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் மற்றொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். அதன் காரணங்களில் வறுமை இருந்தது. கடன் இருந்தது. சங்கத்துக்குள்ளும் தொடர்ந்த சாதி விலகல் இருந்தது. விளைவாகப் புளியந்தோப்பு எரிந்தது. குடிசைகள் கொளுத்தப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அப்போது ஆதிதிராவிட மக்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசுவதற்குப் பதிலாக, அவர்களையே நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தலாம் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையின் தரப்பிலிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா அதைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் அக்கட்சியும் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நூறாண்டு கழித்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரிகளில் ஏற்றப்படும் குடும்பங்களைப் பார்க்கும்போது அந்த யோசனை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியவில்லை.

ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. தொழிற்சங்க இயக்கத்தின் பிறப்பிடம் என்பதையும், சாதி அந்த இயக்கத்தை எவ்வாறு பிளந்தது என்பதையும் ஒருசேரச் சொல்லும் காட்சிக்கூடம் ஒன்றுக்கு அந்நிலத்தின் ஒரு மூலையேனும் ஒதுக்கப்படவில்லை.

மும்பையின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. ஆலை நிலங்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், ஒரு பங்கு உரிமையாளருக்கும் என்று 1991-ஆம் ஆண்டு விதி கூறியது. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம், ஏற்கெனவே காலியாக இருந்த நிலத்துக்கு மட்டுமே அப்பங்கீடு பொருந்தும் என்று சுருக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. விதியின் ஒரே ஒரு சொற்றொடர் மாறியதில் பெரும்பரப்பு பொதுமக்களின் கையிலிருந்து நழுவியது. ஆனால் அதே மும்பையில் மற்றொன்றும் நடந்தது. அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட தாதர் சைத்திய பூமியை ஒட்டிய இந்து ஆலை நிலத்தை அவரது நினைவிடத்துக்கு வழங்க வேண்டும் என்று மக்கள் கோரினர். 2011 டிசம்பரில் ஆலைக்குள் நுழைந்து போராடினர். அடுத்த ஆண்டு மத்திய அரசு இசைந்தது. 2015-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலை நிலத்தின் எதிர்காலத்தைச் சந்தை மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை என்பதற்கு அதுவே சான்று.

கட்டடத்துக்கு உள்ள பட்டியல்

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். உயர்நீதிமன்றம் நியமித்த நீதிபதி பத்மநாபன் குழு, சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் 467 என்று பட்டியலிட்டது. 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் பிடித்தன. தாமதமானாலும் கட்டடங்களுக்கென ஒரு பட்டியலும் ஓர் ஆணையமும் உள்ளன. ஒரு தூணை இடிப்பதற்கு முன்பு அனுமதி பெற வேண்டும்.

மனிதர்களின் நிலை வேறு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் அக்காலத்தில் முன்னோடியானது. அதன்படி அறிவிக்கை செய்யப்பட்ட குடிசைப் பகுதிக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. குடிநீரும் சாலையும் விளக்கும் தந்து, இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதே அச்சட்டத்தின் முதல் நோக்கம். 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. 1985-இல் மேலும் 17. அத்தோடு பட்டியல் நின்றுபோனது. பின்னர் தோன்றியவை, பட்டியலில் விடுபட்டவை எல்லாம் சட்டத்தின் கண்ணில் 'ஆக்கிரமிப்பு' மட்டுமே. 2021-இல் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பட்டியல் மாறவில்லை.

நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில், வாழ்வாதாரம் என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது நாடறிந்தது. அதே காலத்தில் சென்னைக் குடிசைவாழ் மக்களுக்காகத் தொடுக்கப்பட்ட கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலும் தீர்ப்பு வந்தது என்பதைப் பலர் அறியார். நடைபாதையிலும் குடிசையிலும் வாழ்வோரின் நலனில் தமிழ்நாடு அரசு தொடர்ந்து அக்கறை காட்டும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் அத்தீர்ப்பில் பதிவுசெய்தது. நாற்பதாண்டுக்கால நடைமுறை அந்த நம்பிக்கைக்கு எந்த அளவு மதிப்பளித்தது என்பதற்குக் கண்ணப்பர் திடல் ஓர் உதாரணம். 2002-இல் ரிப்பன் மாளிகைப் பகுதியின் நடைபாதைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், தற்காலிகம் என்று சொல்லப்பட்ட ஒரு பாழடைந்த கட்டடத்தில் இருபதாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தனர். ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவர்கள் பலமுறை மெருகேற்றப்பட்டன. அதன் நிழலில் இருந்தவர்களின் பிள்ளைகள் அந்தத் 'தற்காலிக'த்திலேயே பிறந்து வளர்ந்தனர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பட்டியல் சாதியினரை அவர்தம் வீட்டையோ ஊரையோ வாழ்விடத்தையோ விட்டு வெளியேறச் செய்வது குற்றம் என்கிறது அது. ஆனால் அப்பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. பொதுக் கடமையை நிறைவேற்றும்போது எடுக்கப்படும் நடவடிக்கைக்கு அது பொருந்தாது. ஊர்ச்சாதிக் கும்பல் ஒன்று சேரியைக் காலிசெய்தால் வன்கொடுமை. அதையே அரசு இயந்திரம் செய்தால் நகர வளர்ச்சி. ஒவ்வொரு வெளியேற்ற வழக்கிலும் நாங்கள் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான்.

நடைபாதைக் கடையும் பாரம்பரியமே

பாரம்பரிய வட்டாரங்களில் முதலில் 'தூய்மை' செய்யப்படுவது நடைபாதைதான். என்.எஸ்.சி. போஸ் சாலை வியாபாரிகள் பல ஆண்டுகளாக உயர்நீதிமன்ற உத்தரவுகளுக்கும் மாநகராட்சியின் நடவடிக்கைகளுக்கும் இடையே அல்லாடிவருகிறார்கள். பூக்கட்டி விற்கும் பெண்களும், பழைய துணி விற்போரும், பிளாஸ்டிக் குடம் விற்போரும், சிற்றுண்டி வண்டிக்காரர்களும் அவர்களில் உள்ளனர். எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, மாமியார் விட்டுச்சென்ற அதே நான்கடி இடத்தில் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகப் பூ விற்கிறார். சட்ட ஆலோசனைக் கூட்டமொன்றில் அவர் கேட்டார்: "எதிரே இருக்கிற கட்டடத்துக்கு வயசாச்சுன்னு காப்பாத்துறாங்க, எனக்கு வயசாச்சுன்னு எழுந்து போகச் சொல்றாங்களே, ஏம்மா?"

அவருக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், இயல்பாக உருவான சந்தைகளை வியாபாரம் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக்கூடாது என்கிறது. அதற்கும் மேலே சென்று, ஐம்பதாண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் 'பாரம்பரியச் சந்தை' என்று அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடமாற்றம் செய்யக்கூடாது என்று அதன் அட்டவணை கூறுகிறது. 'பாரம்பரியம்' என்ற சொல்லை நாடாளுமன்றம் தெருவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் வழங்கியிருக்கிறது. பாரம்பரிய நடைபாதை பற்றிப் பேசும் எந்தத் திட்டமும் இந்த வரியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். கொத்தவால்சாவடிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது அதைச் சார்ந்திருந்த சுமை தூக்குவோரும், வண்டி இழுப்போரும், சிந்திய காய்கறியைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தோரும் என்ன ஆனார்கள் என்பதை எந்த அறிக்கையும் கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

மாணவர் போனபின் மெருகேறும் கல்லூரி

இதே மையத்தில் நடந்த மற்றொரு நிகழ்வையும் நினைவூட்டுகிறேன். உயர்நீதிமன்றத்தை ஒட்டி 1899 முதல் நின்ற சட்டக் கல்லூரிக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மெட்ரோ சுரங்கப் பணியால் கட்டடம் பாதிக்கப்பட்டதையும், 2008 நவம்பர் மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையத்தின் பரிந்துரையையும் காரணங்காட்டி, 2018-இல் கல்லூரி திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டறைப்பெரும்புதூருக்கும், தென்புறத்தில் புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினர். கட்டடத்தின் பாதுகாப்பு உண்மையான கவலைதான். ஆனால் பழுதுபார்த்து முடித்தபின் மாணவர்களைத் திரும்ப அழைப்பது என்ற வழி தேர்ந்தெடுக்கப்படவில்லை. கட்டடம் நீதிமன்றப் பயன்பாட்டுக்குச் சென்றது. வியாசர்பாடியிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் மாநகரப் பேருந்தில் வந்து படித்த, மாலையில் மூத்த வழக்குரைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை கற்ற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, நீதிமன்ற வாசலில் படிக்கும் வாய்ப்பு ஒரு பெரும் மூலதனம். அந்த மூலதனம் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டது. கல் மீட்கப்பட்டது, கல்லுக்குள் இருந்த பயன்பாடு மாறிவிட்டது. அருங்காட்சியக வட்டாரத்தில் நான் அஞ்சுவது இந்த முறைமையைத்தான்.

ஆறாம் வட்டாரம் சொல்லும் பாடம்

உலகம் முழுவதும் நலிந்த துறைமுக நகரங்களுக்கு ஸ்பெயினின் பில்பாவோ முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. 1997-இல் அங்கே திறக்கப்பட்ட கூகன்ஹைம் அருங்காட்சியகம் ஒரு தொழில் நகரின் முகத்தை மாற்றியது உண்மை. நமக்குப் பொருத்தமான முன்மாதிரி அதுவன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ளது அது.

கேப் டவுன் துறைமுகத்தை அடுத்திருந்த ஆறாம் வட்டாரத்தில் துறைமுகத் தொழிலாளர்களும் கைவினைஞர்களும் சிறுவணிகர்களுமாகப் பல இனத்தவர் கலந்து வாழ்ந்தனர். 1966 பிப்ரவரியில் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கான பகுதியாக அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே மணற்காட்டுக்கு விரட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு பழைய தேவாலயத்தில் ஆறாம் வட்டார அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் வந்து, தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். அந்த வரைபடம் நினைவஞ்சலியாக மட்டும் நிற்கவில்லை. அதே ஆண்டு இயற்றப்பட்ட நில மீட்புச் சட்டத்தின்கீழ் மக்கள் நிலத்தைக் கோரிய இயக்கத்தோடு இணைந்து அருங்காட்சியகம் இயங்கியது. நில மீட்பு மிக மெதுவாகவே நடக்கிறது, பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அங்கே அருங்காட்சியகம் வெளியேற்றத்தின் கருவியாக இருக்கவில்லை. வெளியேற்றத்துக்கு எதிரான சாட்சியாக இருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

சுற்றுலா வந்தால் வேலைவாய்ப்பு வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அந்த வேலை எத்தகையது, யாருக்கு என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். காட்சிக்கூடத்தின் காவலாளியும் துப்புரவாளரும் மட்டும் நம்மவராகவும், காப்பாட்சியரும் வழிகாட்டியும் கடை உரிமையாளரும் பிறராகவும் இருப்பின், அது பழைய கறுப்பர் நகரத்தின் தொழிற்பிரிவினையே. இந்த முறை நுழைவுச்சீட்டு இருக்கும், அவ்வளவே வேறுபாடு.

மற்றொரு மறுப்பு நம்முள்ளிருந்தே எழுகிறது. குடிசையையும் சேரியையும் பாரம்பரியம் என்று காக்கச் சொல்கிறீர்களா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிராமத்தைக் கொண்டாடியவர்களை அம்பேத்கர் எவ்வளவு கடுமையாக விமர்சித்தார் என்பதை நாம் அறிவோம். அதே அளவுகோல் நகரச் சேரிக்கும் பொருந்தும். கூரை ஒழுகுவதிலும் கழிவுநீர்க் கால்வாயோரம் உறங்குவதிலும் பண்பாடு எதுவுமில்லை. நாம் காக்கச் சொல்வது குடிசையை அன்று. அந்த இடத்தில் இருக்கும் உரிமையை. வேலைக்கு நடந்து செல்லும் தூரத்தை. பிள்ளையின் பள்ளியை. பக்கத்து வீட்டின் துணையை. நல்ல வீடு அதே இடத்தில் கட்டப்படட்டும், ஆனால் தரமாகக் கட்டப்படட்டும். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் குடியேறிய சில நாள்களிலேயே சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்ததை நாடே பார்த்தது.

செய்ய வேண்டியவை

முழுமைத் திட்டம் இறுதியாகும் முன், பழைய நகர மையம் தொடர்பாகக் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, பாரம்பரிய வட்டாரமாக வரையறுக்கப்படும் எந்தப் பகுதியிலும் கட்டடக் கணக்கெடுப்போடு குடியிருப்போர் கணக்கெடுப்பும் நடத்தப்பட வேண்டும். நடைபாதைவாசிகள், வாடகைதாரர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், தெரு வியாபாரிகள் அனைவரும் அதில் இடம்பெற வேண்டும். அது முடியும்வரை வெளியேற்றம் கூடாது.

இரண்டாவதாக, 1985-உடன் நின்றுபோன குடிசைப் பகுதி அறிவிக்கை மீண்டும் தொடங்கப்பட வேண்டும். மறுகுடியமர்வு தவிர்க்க முடியாததாயின், இருந்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோதான் அமைய வேண்டும். பாரிமுனையில் வேலை செய்பவரை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் குடியேற்றுவது வேலையைப் பறிப்பதற்குச் சமம்.

மூன்றாவதாக, ஐம்பதாண்டு கடந்த தெருச் சந்தைகளைச் சட்டப்படி பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும்.

நான்காவதாக, வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் நிதியில் ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்குச் சென்றது எவ்வளவு என்பதை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அச்சட்டத்தின் உயிர் கணக்கு காட்டுவதில்தான் இருக்கிறது.

ஐந்தாவதாக, காட்சிக்கூடங்கள் கோட்டையைச் சுற்றி மட்டும் குவியக்கூடாது. வடசென்னைத் தொழிலாளர் வரலாற்றுக்கும் ஒடுக்கப்பட்டோர் விடுதலை இயக்க வரலாற்றுக்கும் ஓர் அருங்காட்சியகம் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பகுதியில் அமைய வேண்டும். ஆலை, துறைமுகம், தோல் பதனிடும் தொழில், கானா, குத்துச்சண்டை, கால்பந்து, இரவுப் பள்ளிகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அதன் ஆட்சிக் குழுவில் பாதிக்குக் குறையாமல் அப்பகுதி மக்கள் இருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. எம்.கே.பி. நகரிலிருந்து பாரிமுனைக்குச் செல்லும் வழியிலுள்ள மூலக்கொத்தளம் இடுகாட்டில் நடராசன் துயில்கிறார். 1939 ஜனவரியில் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டச் சிறைவாசத்தில் உயிர்நீத்த முதல் மொழிப்போர் ஈகியான அவர், ஆதிதிராவிட இளைஞர். அவருக்கு அடுத்து மார்ச்சில் உயிர்நீத்த தாளமுத்துவும் அங்கேயே துயில்கிறார். அவ்விருவர் பெயரையும் தாங்கிய எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இயங்குகிறது. அடுத்த இருபதாண்டுகளுக்கான வரைபடம் அந்தக் கட்டடத்தில்தான் வரையப்படுகிறது. வரைபவர்கள் வாசலில் உள்ள பெயரை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நடராசனின் ஊரார் இன்னும் வடசென்னையில் வாழ்கிறார்கள். வரைபடத்தில் அவர்களுடைய தெருக்களும் இடம்பெற வேண்டும்.